வளரும் நாடுகளில் பள்ளிக் கல்வியின் தரம்: ஒரு நோக்கு

கல்வி என்னும் சொல் 'கல்' என்னும் அடியாகப் பிறந்தது. கல்லுதல் என்பதற்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். கிணறு தோண்டுபவர் மண் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த வெட்டு வெட்டுவார். பள்ளிக்கூடத்தில் நாம் அவ்வாறு செய்வதில்லை. முதற்பாடம் பிள்ளையின் உள்ளத்தில் இறங்கிற்றா என்று நோக்காமலே இரண்டாம் பாடத்திற்குச் செல்கிறோம். ஆண்டு முடிந்ததும் அடுத்த வகுப்பிற்கு அனுப்பி வைக்கிறோம். வளரும் நாடுகளில் பள்ளிக் கல்வி தரம் குன்றியிருப்பதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. கட்டடம் இல்லை, நூல் இல்லை, ஆசிரியர் இல்லை, நிதி இல்லை என்பன அவற்றுள் சில. அவை பொய்யல்ல. எனினும் கடந்த முப்பதாண்டுகளில் நடைபெற்ற கள ஆய்வுகளை ஊன்றிப் படிக்குமிடத்து, இவற்றுக்கெல்லாம் அடியில் மேலே சொன்ன குறையே கிடப்பது புலனாகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் துறையில் பயின்று வெளியேறுவோருள் பலர் கல்வியியல் பட்டம் பெற்று ஆசிரியர் ஆகின்றனர். அன்றியும், வாசிக்க இயலாத பிள்ளையைப் பற்றிய கவலை முதற்கண் மொழியாசிரியருக்கு உரியது. கணக்காசிரியரும் அறிவியல் ஆசிரியரும் அவருக்குப் பின்னரே வருகின்றனர்.

சேர்க்கையும் கற்றலும்

1990ஆம் ஆண்டு தாய்லாந்து நாட்டின் ஜோம்தியன் நகரில் 'அனைவருக்கும் கல்வி' என்னும் உலக மாநாடு கூடியது. 2000ஆம் ஆண்டு செனகல் நாட்டின் தக்கார் நகரில் அவ்வுறுதி புதுப்பிக்கப்பட்டது. இந்தியாவில் 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கப்பெற்றது. 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழகம் இவ்வகையில் பிற மாநிலங்களுக்கு முன்னே சென்றது. காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபெற்ற சத்துணவும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. இவற்றின் பயனைச் சிறிதென்று சொல்ல ஒண்ணாது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுள் 98.4 விழுக்காட்டினர் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஒரு தலைமுறைக்கு முன்னர் இதனை எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது.

பள்ளியில் சேர்ந்த பிள்ளை என்ன கற்றது என்னும் வினா பிறகே எழுந்தது. அதற்கு விடை காண 2005 முதல் 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் ஓர் எளிய கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. 'அசர்' என்பது அதன் பெயர். தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் செல்வர். கையில் ஒரே ஒரு தாள் இருக்கும். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளையைத் தனியே அழைத்து வாசிக்கச் சொல்வர். ஐந்தாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லவர்கள் 2018இல் ஏறத்தாழப் பாதிப் பேரே. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுத் திறந்த பின்னர், 2022இல் அது 42.8 விழுக்காடாகத் தாழ்ந்தது, 2024இல் 48.8 விழுக்காடாக ஏறியது. ஏறிய பின்னும் பாதியைத் தொடவில்லை என்பது கருதத்தக்கது.

இஃது இந்தியாவிற்கு மட்டும் உரிய நிலையன்று. பத்து வயதில் ஓர் எளிய பனுவலை வாசித்துப் பொருள் கொள்ள இயலாமையை உலக வங்கி 'கற்றல் வறுமை' என்று பெயரிட்டு அழைத்தது. குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகளில் 53 விழுக்காட்டுப் பிள்ளைகள் இவ்வறுமையில் உள்ளனர் என்று 2019இல் அது கணக்கிட்டது. பெருந்தொற்றுக்குப் பின், 2022இல், இது 70 விழுக்காட்டை எட்டியிருக்கும் என மதிப்பிட்டது. உலக வங்கி வளரும் நாடுகளுக்குக் கூறும் அறிவுரைகள் அனைத்தையும் நான் ஏற்பவனல்லன். எனினும் இக்கலைச்சொல் பொருந்திய சொல் என்றே கருதுகிறேன்.

பின்தங்குதல் நிகழும் முறை

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியவில்லை என்று கொள்வோம். அவ்வகுப்பின் பாடநூலோ அப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்னும் துணிபில் எழுதப்பட்டிருக்கும். சூழ்நிலையியலும் எழுத்தில் உள்ளது. கணக்கு வினாவும் எழுத்தில் உள்ளது. ஆகவே ஒரு குறை அனைத்துப் பாடங்களிலும் குறையாகப் பெருகுகிறது. நான்காம் வகுப்பில் தொலைவு கூடும். ஐந்தாம் வகுப்பில் இன்னும் கூடும். தில்லியில் 2015இல் ஆய்வு செய்யப்பட்ட பிள்ளைகளின் நிலை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கணக்குப் பாடத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவரோ நான்கரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். மூன்றாண்டுகள் பள்ளிக்கு நாள்தோறும் வந்தும் இரண்டு வகுப்புத் தொலைவு மேலும் பின்னே போயினர் என்பது இதன் பொருள்.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. பள்ளிக்கு வரும் அலுவலர் எத்தனையாவது பாடம் நடக்கிறது என்று கேட்பாரேயன்றி, எத்தனை பிள்ளைகள் வாசிக்கின்றனர் என்று கேட்பது அரிது. பாடத்திட்டத்தை முடித்தலே கடமை எனப் பழக்கப்பட்ட ஆசிரியர், முன்வரிசையில் விடை கூறும் ஐந்தாறு பிள்ளைகளை நோக்கிப் பாடம் நடத்தி முடிக்கிறார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அலுவலகப் பணிக்குச் சிலரைப் பொறுக்கி எடுப்பதற்காக அமைந்த கல்வி முறையின் எச்சம் இது. சிலரைப் பொறுக்குவதற்கு இம்முறை போதும். அனைவரையும் கற்பிப்பதற்குப் போதாது. இளங்கலை முதலாண்டு வகுப்பில் உரைநடைப் பகுதி ஒன்றை உரக்க வாசிக்கச் சொன்னால் திணறும் மாணவர் சிலரை ஆண்டுதோறும் நான் காண்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் எவரும் அவர்களைத் தனியே நிறுத்தி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லவில்லை போலும்.

கைகொடுக்காத தீர்வுகள்

நூல் இல்லை என்றால் நூல் கொடுப்போம் என்பது யாவருக்கும் தோன்றும் தீர்வு. மேற்குக் கென்யாவில் பாடநூல் அருகிக் காணப்பட்ட பள்ளிகளில் மைக்கேல் கிரெமர் முதலிய ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். நூறு பள்ளிகளுள் இருபத்தைந்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 1996இல் அவற்றுக்கு அரசு ஏற்பளித்த பாடநூல்கள் வழங்கப்பட்டன. நூல் பெற்ற பள்ளிகளின் சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்னரே நன்கு படித்துக்கொண்டிருந்த சிலர் மட்டும் மேலும் முன்னேறினர். காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளுள் பலருக்கு வீட்டு மொழி ஒன்று, சுவாகிலி மற்றொன்று, ஆங்கிலம் மூன்றாவது. வாசிக்க இயலாத பிள்ளையின் கையில் வாசிக்க இயலாத நூல் வந்து சேர்ந்தது; அவ்வளவே.

இந்தோனேசியா வேறொரு வழியை மேற்கொண்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியத்திற்கு நிகரான தொகை கூடுதலாக வழங்கப்பட்டது. அஃதாவது ஊதியம் இரட்டிப்பாயிற்று. ஆசிரியர்கள் மனநிறைவு எய்தினர். பலர் பக்கத் தொழிலைக் கைவிட்டனர். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துச் சோதித்த பொழுது மாணவரின் கற்றலில் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. நானும் ஊதியம் பெறும் ஆசிரியன். ஆசிரியர்க்கு நல்ல ஊதியம் வேண்டாம் என்று வாதிடுவேன் அல்லேன். ஊதிய உயர்வு ஆசிரியர்க்குரிய நீதி. அது மாணவரின் வாசிப்பை உயர்த்தும் என்று எதிர்பார்ப்பது வேறு.

ஆசிரியர் வருகையையும் இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குச் சென்று எடுத்த கணக்கின்படி, இந்திய அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியருள் நால்வரில் ஒருவர் பள்ளியில் இல்லை. உகாண்டாவில் 27 விழுக்காடு, பெருவில் 11 விழுக்காடு. இராசஸ்தானின் உதயப்பூர்ப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் பள்ளிகளில், வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிழற்படம் எடுத்து வருகையை மெய்ப்பித்தால் அதற்கேற்ப ஊதியம் என்று வகுத்தபோது, ஆசிரியர் வாராத நாட்கள் 42 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தன. மாணவர் மதிப்பெண்ணும் ஓரளவு உயர்ந்தது. இவ்வளவில் இதனை விட்டு மேலே செல்லலாம். வந்த ஆசிரியர் யாருக்கு ஏற்ற பாடத்தை நடத்துகிறார் என்பதே நம் வினா.

குழந்தையின் தோழி

1995இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் மாதவ் சவாண், பரிதா லாம்பே ஆகியோரின் முயற்சியால் யூனிசெப் துணையுடன் பிரதம் நிறுவனம் தோன்றியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் அடிப்படை அறியாப் பிள்ளைகளுக்கென்று அந்நிறுவனம் வகுத்த திட்டத்திற்குப் 'பால்சகி', அஃதாவது 'குழந்தையின் தோழி' என்று பெயர். அத்தோழி அவ்வூர்ப் பெண். பெரும்பாலும் பள்ளியிறுதி வரை படித்தவர். இரண்டு வாரப் பயிற்சி பெற்றவர். மாத மதிப்பூதியம் 500 முதல் 750 ரூபாய். பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே அவர் பணி.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இத்திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் தூஃப்லோ முதலியோர் ஆராய்ந்தனர். தோழி பணியாற்றிய பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் ஏற்பட்ட உயர்வு முதலாண்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. என்னை வியப்பில் ஆழ்த்தியது மற்றொரு செய்தி. பின்தங்கியோர் வெளியே சென்றதால் வகுப்பறையில் எஞ்சியிருந்த பிள்ளைகளின் தொகை குறைந்தது. பட்டம் பெற்ற, பயிற்சி பெற்ற நிலை ஆசிரியர் அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களிடத்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. வெளியே சென்று பள்ளியிறுதி மட்டும் படித்த பெண்ணிடம் பயின்றவர்களே முன்னேறினர். வகுப்பின் சிறுமையோ ஆசிரியரின் பட்டமோ இதனைச் செய்யவில்லை. பிள்ளை நின்ற இடத்திலிருந்து பாடம் தொடங்கியமையே செய்தது. 2019ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு இவ்விருவர்க்கும், மேலே கூறிய கிரெமருக்கும் சேர்த்து வழங்கப்பெற்றது.

கென்யாவிலேயே பின்னர் நடந்த ஆய்வும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 2005இல் 121 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியர் கொடுத்து முதல் வகுப்பை இரண்டாகப் பிரித்தனர். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கலந்து பிரித்தனர். மறுபாதியில் முன்னேறியோர், பின்தங்கியோர் எனப் பிரித்தனர். நிலையறிந்து பிரித்த பள்ளிகளில் முன்னேறியோர் மட்டுமன்றிப் பின்தங்கியோரும் பயனடைந்தனர். பின்தங்கியோரைத் தனியே அமர்த்தினால் அவர்கள் மேலும் தாழ்வர் என்னும் அச்சம் அங்கு மெய்யாகவில்லை.

பிரதமின் முறை காலப்போக்கில் செம்மை பெற்றது. மூன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் முதலில் தனித்தனியே வாசிக்கச் செய்து, எழுத்து நிலை, சொல் நிலை, பத்தி நிலை, கதை நிலை எனக் குழுக்களாக அமர்த்துவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்கக்கூடும். உயிர்மெய் அட்டவணையைக் கையால் தொட்டு வாசித்தல், சிறு கதையை ஆசிரியர் வாசிக்கத் தொடர்ந்து வாசித்தல், கதையைப் பற்றிப் பேசுதல், தரையில் சுண்ணக்கட்டியால் சொல் எழுதுதல் எனச் செயல்கள் எளியவை. பிள்ளை தேறியதும் அடுத்த குழுவிற்கு மாறும். உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் பத்து நாள், இருபது நாள் முகாம்களாக இது நடத்தப்பட்டது. ஆண்டிறுதியில் முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் பத்தியோ கதையோ வாசித்தனர். நடவாத பள்ளிகளில் கால் பங்கினரே வாசித்தனர். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டு அரசு 2016இல் இம்முறையைச் சோதித்துப் பார்த்துப் பின்னர்த் தன் பள்ளிகளில் பரப்பத் தொடங்கியது.

எழும்பூர்க் கதை

வகுப்பால் அன்றி நிலையால் பிள்ளைகளை அமர்த்துதல் நமக்குப் புதியதன்று. பழைய திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்பதே இல்லை. மணலில் எழுதும் பிள்ளையும் ஓலையில் எழுதும் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்க மறுத்தபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளைகள் தேர்ச்சிக்கேற்ப மேலும் கீழும் மாறி அமரும் முறையை வகுத்தார். 1797இல் இலண்டனில் இது பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. நம்மவரோ ஆங்கில ஆட்சி தந்த வகுப்பு முறையை ஏற்றுத் திண்ணையை மறந்தோம். திண்ணைப் பள்ளியின் சாதி வேலியும் கொடுந்தண்டனைகளும் போனது நன்றே. அவற்றோடு சேர்த்து இதனையும் விட்டுவிட்டோம்.

நம் ஊர்களின் ஓதும் பள்ளிகளில் இம்முறை இன்றும் உயிரோடிருப்பதைக் காணலாம். ஒரே பாயில் ஒருவன் அலிஃப் எழுத்தைத் தொட்டுப் படித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் ஒருவன் முப்பதாவது ஜுஸ்உவை ஓதிக்கொண்டிருப்பான். உஸ்தாத் ஒவ்வொருவரையும் முன்னே அழைத்து, நேற்றைய பாடத்தைக் கேட்ட பின்னரே இன்றைய சபக் கொடுப்பார். நேற்றையது தேறாதவனுக்கு இன்று புதிய பாடம் கிடையாது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று காலையில் ஓதும் பள்ளியில் அயல்மொழி எழுத்துகளைத் தடையின்றி ஓதிவிட்டு, பின்னர் ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிப் பாடத்தில் தடுமாறுவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். ஓதுதலில் பொருளறிதல் பின்னரே வருகிறது என்பது உண்மை. எனினும் எழுத்தை இனங்காணும் அளவில் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பிள்ளையின் அறிவன்று.

தமிழகத்தில்

ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் உருவான கற்றல் ஏணி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துப் பயின்று ஏணியில் ஏறும். இன்று அது அவ்வடிவில் இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தெருத்தோறும் மாலை வகுப்புகளை அமைத்தது. ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் இதில் ஈடுபட்டனர், பெரும்பாலோர் பெண்கள். ஊரகத் தமிழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றின்படி, பதினெட்டு மாதப் பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது. மும்பைத் தோழியரின் செய்தியே இங்கும் மீண்டது எனலாம்.

2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் நீண்டது. இதன் குழுக்களுக்கு 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று பெயர். தமிழர் பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என எழுவகையாகப் பகுத்துப் பெயரிட்டனர். அவற்றினின்று மூன்றை எடுத்தவர் யாராயினும் மொழியறிந்தவர். மக்கு, மந்தம், மெல்லக் கற்போர் என்று நாம் சூட்டும் பெயர்கள் பிள்ளையின் இயல்பைச் சுட்டுகின்றன. அரும்பு என்பது பருவத்தைச் சுட்டுகிறது. அரும்பு அரும்பாகவே நிற்பதில்லை. இத்திட்டத்தில் செயலி வழி மதிப்பீடுகளைப் பதிவேற்றும் பணி கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் குறைகூறின. அக்குறையில் நியாயம் உண்டு. பிள்ளையின் நிலையை அறிய வேண்டியவர் முதலில் அவ்வாசிரியரே.

தமிழ் எழுத்துகளின் இயல்பு பற்றியும் ஒரு சொல். 247 என்னும் எண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் குறிகளும் அறிந்த பிள்ளைக்கு எஞ்சியவை தாமே கைவரும். 1978இல் அரசாணையான எழுத்துச் சீர்திருத்தத்தால் ஆகார, ஐகார வரிசைகள் ஒழுங்குபட்டன. உகர, ஊகார வரிசைகளோ இன்னும் ஒழுங்குபடவில்லை. கு, சு, து, பு என மெய்க்கு மெய் வடிவு மாறும். தொடக்க வாசகர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே என்பது என் கருத்து. மற்றொன்று, புணர்ச்சி. நாலைந்து சொற்கள் புணர்ந்து நீண்ட ஒரே சொல்லாக அச்சிடப்படும்பொழுது, எழுத்துக் கூட்டும் பிள்ளை இறுதிக்கு வருமுன் முதலை மறந்துவிடும். தொடக்க நிலைக் கதைகளில் சொற்களைப் பிரித்து அச்சிடுதல் இலக்கணக் கேடாகாது. இதில் என்னோடு முரண்படும் தமிழாசிரியர் பலர் உளர் என்பதை அறிவேன்.

இடர்ப்பாடுகள்

இவ்வளவு எளிய முறை எங்கும் பரவாமைக்குக் காரணம் என்ன? 2008 முதல் 2010 வரை பீகாரில் நடந்தது இதற்கு விடை தருகிறது. கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாசிப்பு முகாம் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினர். பள்ளி ஆண்டு தொடங்கியதும், பயிற்சியும் கருவிகளும் பெற்ற அத்தகைய ஆசிரியர்களே பழைய முறைக்குத் திரும்பினர்; பயன் விளையவில்லை. ஆசிரியர்க்குத் திறமை இருந்தது. பாடத்திட்டம் அதற்கு இடம் தரவில்லை. அரியானாவில் 2012-13இல் இதற்கென்றே நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்நேரத்தில் வகுப்புகளைக் கலைத்துக் குழுக்களாக்கி, வட்டார அலுவலர் நேரில் வந்து கண்டு துணைநின்றபோது, அரசாசிரியரின் கையிலேயே மொழிப்பாடத்தில் முன்னேற்றம் தோன்றியது.

மற்றோர் இடர் நம் சமூக அமைப்பில் உள்ளது. எந்த ஊரிலும் கடைநிலைக் குழுவில் அமரும் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருவர் என்று சொல்லத் தேவையில்லை. நாள் முழுதும், ஆண்டு முழுதும் அக்குழுவிலேயே இருத்தினால் அது புதியதொரு தீண்டாமையாக முடியும். ஆகவே இக்குழுக்கள் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்திற்கு மட்டுமே உரியவை. எஞ்சிய நேரம் அனைவரும் ஒன்றாக அமர்தல் வேண்டும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நிலையைச் சோதித்து மாற்றாத பள்ளி இம்முறையைத் தொடாதிருத்தலே நன்று.

பெற்றோரும் இதனை அறியார். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-06இல் ஆய்ந்தபோது, தம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதையே பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய், பிள்ளை ஏட்டைப் பிரித்து வைத்து முணுமுணுப்பதைக் கண்டு படிக்கிறது என்றே நம்புவார். அங்கு ஊர்க்கூட்டம் கூட்டிப் பள்ளி நிலையை எடுத்துரைத்ததால் மட்டும் கற்றல் உயரவில்லை. தன்னார்வலர் நடத்திய வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றனர். ஆயினும் வந்தவர் மிகச் சிலரே. பள்ளி நேரத்துக்குள்ளேயே இது நடைபெற வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கல்வியியல் பட்டப் படிப்பில் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும் நம் மாணவர்கள் முதல் நாளிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாளில் பத்து எழுத்துகள், இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள் பத்து, நான்கு வரியில் ஒரு பத்தி, எட்டு அல்லது பத்து வரியில் ஒரு கதை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்க. உகர வரிசை எழுத்துகள் இரண்டேனும் அதில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளைப் பிறர் கேட்கா வண்ணம் ஒருவர் பின் ஒருவராகத் திண்ணைக்கோ மரத்தடிக்கோ அழைத்துப் பத்தியில் தொடங்குக. தடையின்றி வாசித்தால் கதைக்குச் செல்க. தடுமாறினால் சொல்லுக்கும், அதன்பின் எழுத்துக்கும் இறங்குக. பிழை திருத்துதலும் கடிதலும் அப்பொழுது வேண்டா. எந்நிலையில் பிள்ளை நிற்கிறது என்பதைப் பெயருக்கு எதிரே பென்சிலால் குறித்துக்கொள்க. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிற்கு இதனைச் செய்ய ஒரு நாள் முற்பகல் போதும்.